பால் கணக்குக்குப் பக்கத்தில் ஓட்டக் கணக்கு

ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆட்கள் கேட்பது எந்த வாட்ச் வாங்கலாம் என்பதைத்தான். வாட்ச் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுச் சுவரில் கட்டம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று தொங்கும், பால் எத்தனை பாக்கெட், சிலிண்டர் எந்தத் தேதியில் மாற்றியது, ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசி நாள் எது என்று யாரோ அதில் பேனாவால் குறித்துவைத்திருப்பார்கள், அது போதும். ஓடியதையும் அதே கட்டத்தில் எழுதுங்கள். தனி நோட்டு போட்டால் இரண்டாவது வாரம் அது பிள்ளையின் பைக்குள் போய்விடும்.

காலண்டரில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு ஓடுகிறவருடைய ஓட்டத்தை அவருடைய கால் மட்டும் முடிவு செய்வதில்லை. ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், மீன் கம்பெனியில் லோடு வந்து நள்ளிரவுவரை நிற்க வேண்டியதாயிற்று, மேற்கேயிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அறைந்தது, இப்படி எல்லாம் சேர்ந்துதான் அன்றைய ஓட்டம். இவற்றை விட்டுவிட்டுக் கிலோமீட்டரையும் நிமிடத்தையும் மட்டும் எழுதிவைத்தால், மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது நீங்கள் பின்னால் போய்விட்டது மாதிரித் தெரியும். உண்மையில் மே மாதம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும், ராமேஸ்வரம் தீவுக்குள் இருப்பவர்களுக்கும் சேர்த்து, புதிதாகத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏற்கெனவே பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

கட்டத்துக்குள் என்ன எழுதுவது

நான்கு விஷயம். எத்தனை நிமிடம், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு கஷ்டமாக இருந்தது, ஏன் அப்படி இருந்தது.

நிமிடம் சுலபம். தூரம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், முதல் மாதம் தூரமே தேவையில்லை. கஷ்டத்துக்கு ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு எண். சாதாரண நடை 2. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஊர்க்கதை முழுதாகப் பேச முடிந்தால் 3 அல்லது 4. சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வருகிறது என்றால் 5, 6. ‘ம்’, ‘சரி’ என்பதற்குமேல் வாய் வரவில்லை என்றால் 7, 8. இனி ஒரு அடிகூட முடியாது என்பது 10, அந்தப் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். இந்த எண்ணை ஓடி முடித்த கையோடு போடாதீர்கள், கடைசி நூறு மீட்டரின் மூச்சிரைப்புதான் அதில் எழுதப்படும். குளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து, மொத்த ஓட்டத்தையும் நினைத்துப் போடுங்கள்.

நான்காவதுதான் ஆட்கள் எழுதாமல் விடுவது, அதுதான் பிற்பாடு அதிகம் உதவும். இரண்டு வார்த்தை போதும்: ‘தூக்கம் குறைவு’, ‘எதிர்காற்று’, ‘நல்ல தூக்கம்’, ‘முழங்கால்’. ஆக ஒரு கட்டம் இப்படி இருக்கும்: 30, 3.4, 5, எதிர்காற்று. ஓடாத நாளையும் காலியாக விடாதீர்கள், ‘மாமியார் ஆஸ்பத்திரி’, ‘ஓவர்டைம்’, ‘சோம்பல்’ என்று உள்ளதை எழுதுங்கள். சோம்பலைச் சோம்பல் என்றே எழுதலாம், காலண்டர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. சரி, மனைவி படிப்பார், அது வேறு.

நேரம் எங்கே இருக்கிறது

ஓடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் வீட்டின் நேரத்தைச் சும்மா கவனியுங்கள். எப்போது மோட்டார் போடுகிறார்கள், ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு வருகிறது, யார் எப்போது தூங்குகிறார்கள். ‘காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் நடக்கும்’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்குப் படுக்க முடிகிறவர்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு வீடு வந்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து ஓடினால் ஓட்டம் நடக்கும், ஒரு மாதத்தில் உடம்பு படுத்துவிடும்.

இந்தக் கரையில் ஒவ்வொரு தொழிலுக்கும் நேரம் வேறு. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேர்கிற முறை. அவர்களுக்குக் கரை சேர்ந்த அன்று காலையில் ஓட்டம் கிடையாது, தூக்கம்தான். செவ்வாய், வியாழன், ஞாயிறு சாயங்காலம் கிடைக்கும், மூன்று ஓட்டம், வாரத்துக்கு அது தாராளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நேரம் கொட்டிக் கிடக்கும், அப்போதுதான் ஒரேயடியாகத் தினம் ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வெயிலும் அந்த இரண்டு மாதம்தான் உச்சம். தடைக்காலத்திலும் வாரத்துக்கு நான்கு நாளைத் தாண்டாதீர்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கம் விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு எழுகிறவர்களுக்கு நேரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பள்ளிவாசலிலிருந்து நேராகக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கீழக்கரை நண்பர் ஒருவரிடம் நோன்பு மாதத்தில் என்ன செய்கிறீர்கள் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்று கேட்டதற்கு, ‘நோன்பு திறக்க அரை மணி நேரம் இருக்கும்போது மெதுவா இருபது நிமிஷம், வீட்டு வாசல்ல வந்து நிக்கும்போது பாங்கு சொல்லணும்’ என்றார். தண்ணீரும் கஞ்சியும் உடனே கிடைக்கிற நேரம் என்பதால் எனக்கும் அது சரியாகப் படுகிறது. கஷ்டம் 4-ஐத் தாண்டக் கூடாது, தலை சுற்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் சிலர் தராவீஹ் என்கிற இரவுத் தொழுகை முடிந்து நடக்கிறார்கள். அந்த மாதத்தின் எண்களை மற்ற மாதத்தோடு ஒப்பிடவே வேண்டாம்.

பெண்களுக்கு நேரம் கிடைப்பது இதைவிடக் கடினம், அதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. ஆண்கள் நினைத்தபோது இருட்டில் கிளம்பிவிடலாம், பெண்களுக்கு அந்த வசதி இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. இருவராகச் சேர்ந்து போவது, தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளி மைதானத்தில் ஓடுவது, ராமநாதபுரம் டவுனில் இருந்தால் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம், ஒன்றுமே முடியாவிட்டால் மொட்டை மாடி. மாடியில் தூரம் பார்க்காதீர்கள், நிமிடம் மட்டும். இன்னொன்று, குடத்தை அடுக்கித் தள்ளுவண்டியில் தண்ணீர் கொண்டுவருவதும், வயிறளவு தண்ணீரில் நின்று கடல்பாசி எடுப்பதும் உடம்புக்கு வேலைதான். அன்று ஓடவில்லை என்றாலும் ‘தண்ணீர், 60 நிமிடம், 5’ என்று கட்டத்தில் ஏற வேண்டும்.

வீட்டில் பேசுவது எப்படி என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நாளையிலிருந்து நான் ஓடப்போகிறேன்’ என்று அறிவித்துவிட்டுக் கிளம்பினால் அந்த ஒரு மணி நேரத்து வேலை வேறு ஒருவர் தலையில் விழுகிறது. ஞாயிறு ராத்திரி சாப்பிட்டதும் காலண்டர் முன்னால் இருவரும் நின்று, வருகிற வாரத்தில் உங்கள் மூன்று நாளுக்குப் புள்ளி வையுங்கள். ‘ஏங்க, புதன்கிழமை எனக்கு ஸ்கூல்ல மீட்டிங், பசங்கள நீங்கதான் கிளப்பணும்’ என்றால் புதன் புள்ளியை அங்கேயே அடித்து வியாழனுக்கு மாற்றிவிடலாம். புதன் காலை ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தகராறு பண்ணுவதற்கு இது எவ்வளவோ மேல். அவருக்கும் அதே அளவு நேரம் வாரத்தில் ஒதுங்க வேண்டும், ஓடுவதற்கோ, சும்மா படுத்துக்கிடப்பதற்கோ, எதற்கு என்று கேட்கக் கூடாது.

பாதையை அளப்பது

முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் ஒரே பாதை வேண்டும். தினமும் அதில்தான் ஓட வேண்டும் என்றில்லை, ஆனால் ‘இது என் அளவுப் பாதை’ என்று ஒன்று இருக்கட்டும், இரண்டு கிலோமீட்டர் போனாலே போதும்.

செலவில்லாமல் அளக்க வழி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை. அடுத்தடுத்த இரண்டு கிலோமீட்டர் கல்லுக்கு நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கல் நட்டு 2, 4, 6, 8 என்று எழுதியிருப்பார்கள், சில இடத்தில் மண்ணோ கருவேலமோ மூடியிருக்கும். ஆனால் மதுரை ராமேஸ்வரம் சாலையிலேயே ஓடச் சொல்லவில்லை, விடியற்காலையில் தீர்த்தமாட வருகிற வேன்கள் பறக்கிற வேகத்தைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே பைக்கில் ஐந்து கல் தூரம் ஓட்டிப் பார்த்து, உங்கள் பைக் மீட்டர் கூடக் காட்டுகிறதா குறையக் காட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அதே பைக்கில் ஊருக்குள் போகிற கிளைச்சாலையை அளந்து, கோயில், மின்கம்பம், பனைமரம் என்று எதையாவது அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டர் தப்பாக இருந்தாலும் குடி முழுகாது, எப்போதும் அதே பாதை என்றால் தப்பும் எப்போதும் அதேதான்.

வலது ஓரமாக, வண்டி எதிரே வருவது தெரிகிற மாதிரி ஓடுங்கள். பாம்பன் சாலைப் பாலம் வேண்டாம், ஆட்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள், ஓடுகிறவன் சாலை நடுவில்தான் இறங்க வேண்டிவரும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலை ஆசை காட்டும், இரண்டு பக்கமும் கடல், வளைவே கிடையாது. ஆனால் ஒன்பதரை கிலோமீட்டருக்கு நிழல் என்று ஒன்று கிடையாது, காற்று அடிக்கிற மாதங்களில் மணல் சாலைமேலேயே ஏறிக் கிடக்கும். புதியவர்கள் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்பிவிடுங்கள்.

மணலில் ஓடுவதென்றால் அரியமான் மாதிரி அகலமான கரையில், தண்ணீர் வற்றியிருக்கும்போது, நனைந்த கெட்டி மணலில். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கணுக்காலுக்கு மட்டும் அதிக வேலை, எவ்வளவு தூரம் போனீர்களோ அதே வழியில் திரும்பினால் சரியாகிவிடும். வெறுங்காலோடு வேண்டவே வேண்டாம். செத்து ஒதுங்கிய சொறி (ஜெல்லி மீன்), திருக்கை முள், தூண்டில், அறுந்த தூண்டில் நரம்பு எல்லாம் அங்கேதான் கிடக்கும். மணலில் ஓடிய நேரத்தைத் தார்ச்சாலை நேரத்தோடு ஒப்பிடாதீர்கள், கட்டத்தில் ‘மணல்’ என்று எழுதிவிடுங்கள்.

ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். நம்மூர்ச் சாலையில் ஓடினால் பைக்கில் வருகிறவர் நிறுத்தி ‘ஏறுங்கண்ணே, விட்டுர்றேன்’ என்பார். பாசமாகத்தான் கேட்கிறார். கையைக் காட்டிவிட்டு ஓடுங்கள், ஓடுகிற கடிகாரத்தை நிறுத்த வேண்டாம்.

முதல் எட்டு வாரம்

ஒரு நிமிடம் மெதுவான ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து தடவை. மொத்தம் அரை மணி. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. இரண்டு வாரம் ஆனதும் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அப்புறம் மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. எட்டாவது வாரத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பன்னிரண்டாவது வாரத்தில் முடியும், யாரும் உங்களை அளக்க வரப்போவதில்லை. இந்த எட்டு வாரமும் கஷ்டம் 4-க்குள் இருக்கட்டும். மெதுவாக ஓடுவதற்கு வெட்கப்படுகிறவர்கள்தான் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் காலத்தில் முன்னேற்றம் என்பது வேகம் கூடுவது கிடையாது. அதே அரை மணிக்கு முதல் வாரம் 4 போட்டவர் ஆறாவது வாரம் 3 போடுகிறாரா, அதைப் பாருங்கள்.

காற்றும் வெயிலும்

இந்தக் கரையில் ஓடுகிறவர் காற்றைத் தெரிந்துகொள்ளாமல் கணக்கு எழுத முடியாது. காற்று வேகம் கூடினால் பாம்பனில் ரயிலையே நிறுத்திவைக்கிற ஊர் இது. ஐப்பசியிலிருந்து தை வரை வாடை, வடகிழக்கிலிருந்து வரும். வைகாசிக்குமேல் ஆவணி வரை கச்சானும் சோழகமும், மேற்கும் தெற்குமாக அடித்துக்கொண்டேயிருக்கும், விடியலில் கொஞ்சம் அடங்கி, பொழுது ஏற ஏற வலுக்கும். பின்னாலிருந்து தள்ளும்போது கிடைக்கிற லாபத்தைவிட எதிர்த்து ஓடும்போது ஆகிற நஷ்டம் அதிகம், போய்த் திரும்பினாலும் இரண்டும் சரிக்குச் சரியாகாது. அதனால் காற்று நாளில் நேரம் கூடத்தான் செய்யும். செய்ய வேண்டியது ஒன்றுதான், காற்றுக்கு முகம் காட்டிக் கிளம்பி, காற்றோடு வீடு திரும்புங்கள். உச்சிப்புளியில் இருக்கிறவர் ஆடியில் முதலில் மேற்கே போகட்டும், மார்கழியில் கிழக்கே. களைத்த காலோடு எதிர்காற்றில் திரும்புவது சோதனை.

வெயில் இதைவிடச் சூட்சுமம். இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும், வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சூட்டை வெளியேற்ற உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது, காலுக்கும் ரத்தம் வேண்டும், இதயம் இரண்டுக்கும் சேர்த்து அடிக்கிறது. தை மாதம் 3 கிலோமீட்டரை 24 நிமிடத்தில், அதாவது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்தில், கஷ்டம் 4 என்று ஓடியவர், சித்திரையில் அதே 4-க்கு 27 நிமிடம் எடுத்துக்கொண்டால் அவர் தேய்ந்துபோகவில்லை. சூட்டுக்கு உடம்பு பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், அதுவரை கடிகாரத்தைப் பார்க்காமல் கஷ்டத்தை மட்டும் பார்த்து ஓடுங்கள். சித்திரையைச் சித்திரையோடு ஒப்பிடுங்கள், அதற்காகத்தான் காலண்டர் தாளைக் கிழித்துப் போடக் கூடாது என்பது.

விடியலும் மாறும். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும், ஜனவரி கடைசியில் ஆறரையைத் தாண்டும். அலாரத்தை வருடம் முழுக்க ஒரே நேரத்துக்கு வைக்காதீர்கள்.

மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்ப்பது

தினசரி எண்களைப் பார்த்துச் சந்தோஷமும் படாதீர்கள், துக்கமும் படாதீர்கள். மாதத்தில் ஒரு நாள், நன்றாகத் தூங்கி எழுந்த காலையில், அளவுப் பாதையில், வழக்கமான நேரத்தில் ஒரு சோதனை.

எனக்குப் பிடித்தது நாடி பார்ப்பது. அளவுப் பாதையை வழக்கமான மெதுவான வேகத்தில், ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே நிமிடத்தில் ஓடி முடித்து, நின்றதும் கழுத்தில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதே நேரத்தில் முடித்தும் நாடி முன்னைவிடக் குறைவாக இருந்தால் இதயம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். மூச்சு வாங்க வேண்டியதில்லை, அன்றைக்கு வேலைக்குப் போகவும் உடம்பு இருக்கும், குடும்பஸ்தனுக்கு ஏற்ற சோதனை.

வேகத்தைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு 12 நிமிட ஓட்டம் இருக்கிறது. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் எழுதியது, 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடிகிறதோ அவ்வளவு ஓடிக் குறித்துக்கொள்வது. 400 மீட்டர் வட்டத்தில் ஓடினால் எண்ண வசதி. எட்டு வாரப் பழக்கம் இல்லாமல் இதைத் தொடாதீர்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

இதோடு, எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணி வாரத்தில் இரண்டு நாளாவது குறித்துவையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடி இரண்டு நாள் அப்படியே நின்றால், தூக்கம் போதவில்லை அல்லது காய்ச்சல் வரப்போகிறது. அன்று நடை.

வாரச் சுமை

ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்தைக் கஷ்ட எண்ணால் பெருக்குங்கள். செவ்வாய் 30 நிமிடம், கஷ்டம் 4, அது 120. வியாழன் 25 நிமிடம், 6, அது 150. ஞாயிறு 45 நிமிடம், 3, அது 135. வாரத்துக்கு 405. காலண்டரில் சனிக்கிழமைக் கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம். வாரா வாரம் பத்து சதவீதத்துக்குமேல் கூட்டாதே என்பார்கள், அது எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் 405 இருந்தவர் அடுத்த வாரம் 700 போட்டால் கெண்டைக்காலும் முன்னெலும்பும் வலிக்கும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஐஸ் பெட்டி தூக்கியது, வலை இழுத்தது, தண்ணீர் வண்டி தள்ளியது எல்லாம் இதே கணக்கில் சேரும். கம்பெனியில் மூன்று நாள் லோடு அடித்த வாரத்தில் ஓட்டம் குறைந்திருந்தாலும் மொத்தச் சுமை குறைந்திருக்காது. ‘இந்த வாரம் சரியாக ஓடவில்லையே’ என்று ஞாயிற்றுக்கிழமை அதை ஈடுகட்டப் போகிறவர்கள் இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

விட்டுப்போகும் வாரங்கள்

விட்டுப்போகும். ஊரில் கொடியேற்றம், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வீட்டில் சொந்தக்காரர் கூட்டம், ஏர்வாடி சந்தனக்கூடு, பிள்ளைக்குப் பரீட்சை, துபாயிலிருந்து மச்சான் லீவில் வந்திருக்கிறார். ஒரு வாரம், பத்து நாள் ஓடாவிட்டால் பெரிதாக ஒன்றும் குறையாது. இரண்டு வாரத்தைத் தாண்டினால்தான் மூச்சில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அதனால் வாரத்தை வைத்து உங்களை எடை போடாதீர்கள், மாத மொத்தத்தைப் பாருங்கள். பத்து நாள் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம், பழைய நிமிடத்தில் பாதி, அடுத்த வாரம் முக்கால், அதற்கடுத்து பழையபடி. ஒரு மாதத்துக்குமேல் விட்டிருந்தால் நடையும் ஓட்டமும் கலந்து மறுபடி.

நெருக்கடியான வாரத்துக்கு ‘பத்து நிமிடம்’ என்று ஒரு குறைந்தபட்சம் வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடைக்கோ பால் வாங்கவோ ஓடிப்போய் நடந்து வந்தாலும் அது கட்டத்தில் ஏறும்.

செல்போன்

கடைசியில்தான் வருகிறேன் இதற்கு. ஸ்ட்ராவா மாதிரி ஒரு செயலி போதும், இலவசமாகக் கிடைக்கிற அளவே ஏராளம். வீட்டு வாசலில் இறங்கியதும் பொத்தானை அமுக்கிவிட்டு ஓடாதீர்கள், ஜிபிஎஸ் பிடிக்கிறவரை வெட்டவெளியில் அரை நிமிடம் நில்லுங்கள், இல்லாவிட்டால் முதல் கிலோமீட்டர் கோணல்மாணலாக வரும். நின்றால் தானாக நிற்கிற வசதியை அணைத்துவிடுங்கள், நாய்க்குப் பயந்து நின்ற இரண்டு நிமிடமும் ஓட்டத்தில் சேர்ந்ததுதான். வியர்வையும் உப்புக்காற்றும் போனைக் கெடுக்கும், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கணக்கை யார் பார்க்கலாம் என்பதை முதல் நாளே சரிசெய்யுங்கள், குறிப்பாகப் பெண்கள். தொடங்குகிற இடத்தையும் முடிகிற இடத்தையும் மறைக்கிற வசதி செயலியிலேயே இருக்கிறது, தினமும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில், ஸ்ட்ராவா வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடமெல்லாம் தெரிந்து பெரிய சர்ச்சை ஆனது. நம் பக்கத்திலும் உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை எல்லாம் இருக்கின்றன. அந்த மதில் ஓரமாக ஓடுவதையும் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

செயலியில் இருக்கிற எண்ணை வீட்டுக்கு வந்து கட்டத்தில் எழுதுவதை மட்டும் விடாதீர்கள். எதிர்காற்றும் மாமியார் ஆஸ்பத்திரியும் செயலிக்குத் தெரியாது.

உடம்பு

நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸோ நான்கு மிட்டாயோ வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கை வலி, கண் இருட்டுவது என்றால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி, அங்கே வீரம் வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்குள் ஓடுகிறவருக்குத் தண்ணீர் போதும், விளம்பரத்தில் வருகிற கலர் பானம் அவசியமில்லை. வெயில் மாதத்தில் ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவை எடை பார்த்தால் எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும், ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் அதற்குத்தான். ஷூ வாங்கிய தேதியையும் காலண்டரில் எழுதுங்கள், 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பது பொதுவான கணக்கு, சீமைக் கருவேல முள் ஏறினால் அதற்கு முன்பே முடிந்துவிடும். ஓடி வந்ததும் அடிப்பாகத்தைத் தடவிப் பாருங்கள், இன்று பாதியில் நிற்கிற முள் அடுத்த ஓட்டத்தில் காலுக்குள் போகும்.

மூன்று மாதம் ஆனதும்

மூன்று தாளையும் கழற்றித் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். மாத நிமிடங்களைக் கூட்டுங்கள், ஒரே 4-க்கு எத்தனை நிமிடத்தில் அளவுப் பாதை முடிகிறது என்று பாருங்கள், அதெல்லாம் ஐந்து நிமிட வேலை. அப்புறம் ஓடாத நாட்களின் காரணத்தை மட்டும் ஒரு நிறப் பேனாவால் சுழியுங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறது என்று அப்போது தெரியும். செவ்வாய்க்கிழமை எல்லாம் ‘ஓவர்டைம்’ என்றிருந்தால் செவ்வாய்ப் புள்ளியை இனி வைக்காதீர்கள், வெள்ளிக்கு மாற்றுங்கள். ‘தூக்கம் குறைவு’ அதிகமாக இருந்தால் காலை ஓட்டம் உங்களுக்கு ஒத்துவரவில்லை, இரண்டு வாரம் சாயங்காலம் ஓடிப் பாருங்கள். ‘சோம்பல்’ அதிகமாக இருந்தால் கூட ஓட ஒரு ஆளைப் பிடியுங்கள், அடுத்த வீட்டுத் தம்பியோ, மைத்துனரோ, யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டியிருக்கும்.